வா என்று சொல்லாத வாரம்

ஒன்றேகால் வருஷம் கழித்து ஹரி வீட்டுக்கு வந்தபோது யாரும் அவனை வா என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மஸ்கட்டிலிருந்து திருச்சி வரைக்கும் விமானம், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, தூங்காத கண்ணும் இரண்டு பெரிய பைகளுமாக அருப்புக்கோட்டை கடைவீதியில் வந்து இறங்கினான். ஒரு பை முழுக்கக் குழந்தைச் சாமான். அழுத்தினால் கத்துகிற வாத்து, அழுத்தினாலும் கத்தாத வாத்து, ஒன்பது மாசப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு ஆகாத ஷூ இரண்டு ஜோடி. வாங்கிய கடையில், "பிள்ளை எத்தனை?" என்று கேட்டார்களாம். ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் ஹரி இன்னும் தொட்டதில்லை.

கடை முன்னால், வீடு பின்னால், நடுவே ஒரே ஒரு கதவு. கடை என்றால் மிளகாய் வத்தல் கடை. திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளைகிற வத்தலை மூடை மூடையாக வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். ஹரியின் அப்பா சங்கரலிங்கம் மூடைகளுக்கு நடுவே நெற்றி நிறையத் திருநீறோடு நின்றிருந்தார். மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

ஹரி அவரைத் தாண்டிப் பார்த்தான். வீட்டுக்குப் போகிற கதவின் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. இந்த ஊர்க்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"யாருக்குப்பா?"

"பாப்பாவுக்கு. வெள்ளிக்கிழம சாயங்காலம் முத்து தெரிஞ்சிச்சு. ஆத்தா எறங்கியிருக்கா. டாக்டரம்மா பாத்துட்டாக, பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டாக."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"கெளம்புற பிள்ளைகிட்டச் சொல்லி, வர்ற வழியெல்லாம் நீ அடிச்சுக்கிட்டு வரவா?"

பக்தியான குடும்பம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். செவ்வாய்க்கு ஒரு கோயில், வெள்ளிக்கு ஒரு கோயில், பிரதோஷத்துக்கு ஒன்று, அமாவாசைக்கு ராமேசுவரம் என்று சங்கரலிங்கத்துக்குச் சாமிகளோடு ஏகப்பட்ட கொடுக்கல் வாங்கல். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஆத்தாவே நேரில் வந்து இறங்கினால் சட்டங்களுக்குக் கேட்பானேன். தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. வெளியூர் மண்ணை மிதித்தவர்கள் நிலையைத் தாண்டக் கூடாது. வருகிறவரை வா என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆத்தா அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு தங்கிவிடுவாள். போகிறவர் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொண்டு கூடவே கிளம்பி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். டாக்டரம்மாவே அந்த வீட்டுக்கு வரும்போதும் போகும்போதும் வாயைத் திறப்பதில்லை. இந்த ஊரில் தொழில் பண்ணுகிறவர், அவருக்குத் தெரியாதா.

"எப்பப்பா தண்ணி ஊத்துறீக?" என்று கேட்டான் ஹரி. அம்மை இறங்கியவர்களுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்று தடவை ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியாள் உள்ளே போகலாம்.

"வியாழக்கிழம முதத் தண்ணி. சனிக்கிழம ரெண்டாந் தண்ணி. மூணாந் தண்ணி திங்கக்கிழம."

"ஞாயித்துக்கிழம எனக்கு பிளைட்டு."

சங்கரலிங்கம் மூடையின் வாயை இறுக்கிக் கட்டினார். கட்டியிருந்த மூடைதான் அது.

"தெரியும்லே" என்றார்.

லீவை நீட்டவும் வழியில்லை. மஸ்கட்டில் ஹரி வேலை பார்க்கிற கடையில் கூட இருப்பவன் சௌந்தர். ஹரி திரும்பிப் போனால்தான் அவன் ஊருக்குக் கிளம்பலாம். வருகிற வாரம் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம்.

கடைக்கு மேலே சாக்கு போட்டு வைக்கிற மச்சில் ஹரிக்குப் பாய் விரித்தார்கள். வீட்டுச் சாப்பாடு நிலை வரைக்கும் வந்தது. அம்மா பொன்னுத்தாய் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு மகனை ஒரு பார்வை பார்த்து, "எளைச்சுட்டியேய்யா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தாளிக்காத குழம்பு. ஒன்றேகால் வருஷமாக அம்மா கைச் சாப்பாட்டுக்கு ஏங்கினவன் அதைச் சாப்பிட்டான். காது மட்டும் கதவுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே எங்கேயோ குழந்தை சிணுங்கியது.

அந்தச் சிணுங்கலை ஹரிக்கு நன்றாகத் தெரியும். மனைவி கனகலட்சுமிக்கு மூன்று மாசமாக இருக்கும்போது போனவன். சுகப்பிரியா பிறந்தது, குப்புற விழுந்தது, முதல் பல் முளைத்தது எல்லாமே அவனுக்கு செல்போனில்தான். ஒவ்வொரு நாளும் கடை அடைத்ததும் வீடியோவில் கூப்பிடுவான். நாக்கை மேலண்ணத்தில் தட்டி டொக் டொக் என்று குதிரைச் சத்தம் போடுவான். குழந்தை போனைப் பிடித்து நக்கும். அப்பா என்றால் சுகப்பிரியாவுக்கு உள்ளங்கை அகலத்தில் வெளிச்சமாக இருக்கிற ஒரு பொருள், டொக் டொக் என்று சத்தம் போடும், கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

அன்று சாயங்காலம் மச்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டான். பன்னிரண்டு அடி தூரத்தில் அவள் போன் அடிப்பது சுவர் வழியாகவும் கேட்டது.

"வீடியோவுல வாயேன் கனகு. ஒரு நிமிசம் பாத்துக்கிறேன்."

"கூடாதுங்க" என்றாள் கனகலட்சுமி, குரலைத் தாழ்த்தி. "ஆத்தா எறங்கின மேலைப் படம் பிடிக்கக் கூடாதாம். மாமா கண்டிசனாச் சொல்லிட்டாக."

"மஸ்கட்டுலயாச்சும் தெனம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் மட்டும் என்ன. நீங்க வர்றீகன்னு காரியாபட்டியில எங்க அம்மா எடுத்துக் குடுத்த சேலைய வெளிய எடுத்து வச்சிருந்தேன். இப்ப எண்ணெய் வைக்காம, தலை சீவாம பேய் கணக்கா இருக்கேன். நீங்க பாக்காததும் ஒரு வகையில நல்லதுதான்."

"பேயா இருந்தாலும் பரவாயில்ல."

அவள் சிரித்தாள். சிரிப்பு போனில் ஒரு தடவையும் சுவரில் ஒரு தடவையும் கேட்டது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது ஹரிக்கு. அப்படி இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு மட்டும் குறைச்சலில்லை. பங்குனி மாசம், வத்தல் வந்து குவிகிற காலம். அதே வாரத்தில் மாரியம்மன் கோயில் பொங்கல். வருஷா வருஷம் கடைவீதியில் பந்தல் போட்டு வருகிற சனத்துக்குப் பானகம் ஊற்றுவது இவர்கள் குடும்பத்துக் காரியம். ஆத்தா இறங்கிய வீட்டார் பந்தலில் நிற்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவளுக்கு வத்தல் நெடியும் ஆகாது, அதனால் கடையில் ஒரு மூடையையும் பிரிக்கக் கூடாது. ஆக, வருகிற லோடு அத்தனையையும் பாலவனத்தம் ரோட்டில் இருக்கிற குடோனில் இறக்கி, அங்கேயே பார்த்து, அங்கேயே எடை போட வேண்டும். யார் செய்வது? வெளியூர் மண்ணை மிதித்துவிட்டான் என்று உள்ளே விடாமல் வைத்திருக்கிற ஹரிதான். தீட்டு வேலைக்கு இல்லை போலிருக்கிறது என்று அவனுக்கு ஒரு எரிச்சல் வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

வத்தல் பார்ப்பது கையால் ஆகிற காரியம். மூடைக்குள் முழங்கை வரைக்கும் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, காம்பை ஒடித்து, தோலைக் கசக்கி, விதையைத் தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஹரி முதல் நாளே ரப்பர் கையுறை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு குடோனுக்குப் போனான். கடையில் முப்பது வருஷமாக இருக்கிற மொக்கையன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தம்பி, பிரசவம் பாக்கப் போறீகளா? வத்த யாவாரி மகன் கைக்கு உறை போட்டு நான் பாத்ததில்ல."

"கை எரியும்ணே."

"எரியாத கைக்கு இந்தத் தொழில் எதுக்கு?"

வத்தல் எரிச்சல் சோப்புக்கு அடங்காது. எத்தனை தடவை கழுவினாலும் ஒரு நாள் முழுக்கக் கையில் நிற்கும். அந்தக் கையால் குழந்தையைத் தொட முடியுமா? அதுவும் அம்மை போட்ட உடம்பை? ஒருவேளை அப்பா மனசு மாறி உள்ளே விட்டுவிட்டால் கை சுத்தமாக இருக்க வேண்டுமே என்றுதான் அந்த உறை. கனகலட்சுமியிடம் போனில் சொன்ன இதை மொக்கையனிடம் எப்படிச் சொல்வது.

புதன்கிழமை மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. டாக்டரம்மா வந்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார். கடைவாசலில் மட்டும் ஹரியைப் பார்த்து நின்றார்.

"முத்து வாடுறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் ஒரு நாள் படுத்தும். உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

ஹரி புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினான்.

"அப்ப உங்களுக்குப் பயமில்ல. தாராளமாப் பிள்ளையைத் தூக்கலாம்" என்றவர், நிலையில் இருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு, "என்னைப் பொறுத்த வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. கனகலட்சுமி தாலாட்டினாள், பொன்னுத்தாய் வேப்பிலையால் விசிறினாள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. அழுது அழுது குரல் கம்மியது. ஹரி கதவில் முதுகைச் சாய்த்து ஒரு மூடை மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே அப்பா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இனிமேல் முடியாது என்று ஹரி எழுந்தான். தாழ்ப்பாளில் கை வைத்தான். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தாண்டி அவனால் தாழைத் திறக்க முடியவில்லை. கதவில் முகத்தை வைத்து நாக்கைத் தட்டினான்.

டொக் டொக். டொக் டொக்.

அழுகை ஒரு கணம் நின்றது. விக்கினாள். மறுபடியும் அழ ஆரம்பித்தாள். ஹரி விடவில்லை. கடைவீதியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முப்பது வயசு ஆம்பளை கதவைப் பார்த்துக்கொண்டு குதிரை ஓட்டுகிறான். நாக்கு மரத்துப்போகிற வரைக்கும் ஓட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் அடங்கி, உள்ளேயிருந்து கனகலட்சுமி, "தூங்கிட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். ஹரி அப்படியே சரிந்து மூடையில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சத்தத்துக்குத் தீட்டு கெடையாது" என்றார் சங்கரலிங்கம், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

பிறகு அவரே பேசினார். "ஒனக்கு ஏழு வயசுல போட்டுச்சே. அப்ப நான் சந்தை சந்தையாச் சுத்திக்கிட்டிருந்தேன், உள்ள விடல. இதே எடத்துலதான் மூடை மேல படுத்துக் கெடந்தேன். நீ உள்ள கெடந்து அப்பா அப்பான்னு கத்துற. ரெண்டு தடவ தாழ்ப்பாளத் தொட்டுட்டுத் திரும்பிட்டேன்."

"ஏம்பா திரும்புனீக?"

"அப்பான்னுதான கத்துன. வான்னு கூப்பிடலியே. ஒன் மேல எறங்கியிருக்கிறவ வான்னு கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். ஆத்தா கூப்பிட்டு மாட்டேன்னு சொல்ல யாரால முடியும்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூப்பிடல. நானும் போகல. இப்பவும் ஒன் தழும்பப் பாத்தா அந்தச் சத்தம் கேக்கும்."

அன்று சாயங்காலம் போனில் ஹரி இதை மனைவியிடம் சொன்னான். அப்பா இப்படியெல்லாம் பேசி அவன் கேட்டதே இல்லை, அதனால் ஆறவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கனகலட்சுமி வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"கனகு?"

"ம். அரிசி ஊறப் போட்டிருக்கேன். வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். ஹரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை முதல் தண்ணீர். ஹரி குடோனுக்குப் போகாமல் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றான். முற்றத்தில் அண்டா இழுக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். குழந்தை மூச்சு வாங்கி, திடுக்கிட்டு, பிறகு கெக்கெக் என்று சிரித்தது. ஒன்பது மாசத்தில் முதன்முதலாக ஹரி தன் மகளின் சிரிப்பை போன் இல்லாமல் கேட்டான். அவ்வளவு கனமான சிரிப்பாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. போனில் அது சல்லிசாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொங்கலுக்குப் பந்தலில் நின்று பானகம் ஊற்றினான். பாலவனத்தம், மல்லாங்கிணறு என்று சுற்றுவட்டாரத்துச் சனமெல்லாம் வந்து குடித்தது. தெரிந்தவர்கள் எல்லோரும், "மகளப் பாத்துட்டீகளா, யாரு சாடை?" என்று கேட்டார்கள். அம்மா சாடை என்று எல்லோரிடமும் சொன்னான். அக்கினிச் சட்டி எடுத்துக்கொண்டு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு போனாள். அது அவள் தோளைக் கடித்துக்கொண்டே போயிற்று. ஹரி செம்பு நிறைந்ததைக் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே அவர்களைப் பார்த்தபடி நின்றான். பானகம் தரையில் ஓடியது.

சனிக்கிழமை இரண்டாம் தண்ணீர் ஊற்றிய பிறகு அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டான்.

"முத்தெல்லாம் உதிர்ந்திருச்சுன்னு அம்மா சொல்றாக. டாக்டரம்மாவும் தூக்கலாம்னுட்டாக. ஒரு தடவப்பா. தூக்கிட்டுக் குடுத்துருறேன்."

சங்கரலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. "திங்கக்கிழம."

"திங்கக்கிழம நான் மஸ்கட்டுல பெட்டி அடுக்கிக்கிட்டு இருப்பேன். அடுத்த லீவுக்கு அவ நடந்துருவா."

"ஆத்தா இன்னும் போகல. நான் என்ன செய்ய? எனக்குக் கல்லு நெஞ்சா?" விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சுழியிலிருந்து லோடு வந்தது. ஹரி குடோனுக்குப் போனான். கையுறை மச்சில் ஆணியில் தொங்கியது, எடுக்கவில்லை. தொடப் போவதில்லை என்று தீர்மானமான கைக்கு என்ன பத்தியம்? வெறுங்கையை மூடைக்குள் விட்டான். காம்பை ஒடித்தான், தோலைக் கசக்கினான், தேவைக்கு மேலேயே தேய்த்தான். மொக்கையன் பார்த்துக்கொண்டு இருந்தார், இந்தத் தடவை கேலி பண்ணவில்லை. திரும்பி வரும்போது இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் திகுதிகுவென்று எரிந்தது.

மத்தியானம் கார் வந்தது. மொக்கையன் மகன் அசோக் வாடகைக்கு ஓட்டுகிற கார். ஹரி குளித்து உடுப்பு மாற்றிப் பைகளைத் தூக்கி வைத்தான். வாத்தும் ஷூவும் நிலைப்படியில் இருந்தன. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அப்படியே நடந்து போய்க் காரில் ஏற வேண்டியதுதான்.

"இருலே" என்றார் சங்கரலிங்கம்.

நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கதவை முழுசாகத் திறந்தார். "உள்ள வரக் கூடாது. அங்கன நின்னு பாத்துக்க. பாக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல." பிறகு உள்ளே திரும்பி, "ஏத்தா கனகு, பிள்ளைய முத்தத்துக்குத் தூக்கியா" என்றார்.

கனகலட்சுமி வந்தாள். சீவாத தலை, மஞ்சள் அப்பின புடவை. இடுப்பில் சுகப்பிரியா. கன்னத்திலும் நெற்றியிலும் காய்ந்த முத்துகளின் தடம், காதுக்குப் பின்னால் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தாள். போனில் ஹரி அவள் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறான். கால் இருக்கிறது, அந்தக் காலில் விரல் இருக்கிறது, அது தன்பாட்டில் மடங்கி விரிகிறது என்பதெல்லாம் இப்போதுதான் தெரிந்தது.

குழந்தை அவனைப் பார்த்தது. யாரோ ஒரு ஆள். ஹரி நாக்கைத் தட்டினான். டொக் டொக். சுகப்பிரியாவின் கண் பெரிதாக விரிந்தது. சட்டென்று குனிந்து அம்மாவின் கையில் போனைத் தேடினாள். அங்கே இல்லை. மறுபடியும் டொக் டொக். சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்தாள். அந்த ஆளை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, ஹரிக்கு மூச்சே விடத் தோன்றவில்லை.

பிறகு வலது கையை முன்னால் நீட்டினாள். ஐந்து விரலையும் மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள். வா. வா. வா.

முற்றத்தில் யாரும் அசையவில்லை. கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சங்கரலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பேத்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கூப்பிட்டுட்டா" என்றார். "அவளே கூப்பிட்ட பெறகு நிக்கப்படாது. போ. உள்ள போ."

ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மகன் காலில் அவரே ஊற்றினார். ஹரி நிலையைத் தாண்டினான். முற்றத்தைக் கடந்து கையை நீட்டினான், நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். கனகலட்சுமி அந்தக் கைகளைப் பார்த்தாள். சிவந்து கன்றிப்போயிருந்தன.

"உறை போடலியா?" என்றாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "இந்த ஒரு நாள்ல போயா?"

வாரம் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்த கை. ஹரிக்கு அதை வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது. பொன்னுத்தாய் ஓடிப்போய் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்தாள். அவன் முழங்கைகளை மடித்து ஏந்தினான். உள்ளங்கைகள் இரண்டையும் வெளியே திருப்பி வைத்துக்கொண்டான். கைகளின் மேல் வேட்டியை விரித்து, அதன் மேல் கனகலட்சுமி குழந்தையைப் படுக்க வைத்தாள்.

சுகப்பிரியா கனத்தாள். சூடாக இருந்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாய்க்கு இழுத்தாள். வேப்பிலையும் பாலும் கலந்து ஒரு வாசம். அவள் தலையைத் தடவ வேண்டும் போல ஹரிக்கு விரல் துடித்தது, விரலை மடக்கிக்கொண்டான். கன்னத்தைத்தான் அவள் தலையில் வைத்தான். கனகலட்சுமி கிட்டே வந்து நின்றாள். அவனைத் தொடவில்லை, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு நாளா இதே வேலைதான்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பிடிச்சுக்கிட்டா. ஃபேனக் கூப்பிடுறா, பூனையக் கூப்பிடுறா. நேத்து மாமாவையும் கூப்பிட்டா."

"அப்பா பாத்துட்டாகளா?"

"பாத்துட்டாக. ஒண்ணும் சொல்லாம திரும்பிப் படுத்துக்கிட்டாக."

ஹரி நிமிர்ந்து பார்த்தான். சங்கரலிங்கம் அந்தப் பக்கம் திரும்பி நின்று, நிலையில் இருந்த வேப்பிலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது அது.

வெளியே அசோக் ஒரு தடவை ஹாரன் அடித்தான். பிறகு இன்னொரு தடவை. திருச்சிக்குப் போக வேண்டிய பிள்ளை, அவனைக் குறை சொல்ல முடியாது. கனகலட்சுமி குழந்தையை வாங்கிக்கொண்டாள். பொத்தானை விட மாட்டேன் என்றாள் சுகப்பிரியா, விரல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதையும் ஹரி செய்ய முடியாது, கனகலட்சுமிதான் பிரித்தாள்.

போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. ஹரி அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவர்களும் வாயைத் திறக்காமல் பார்த்தார்கள். நிலையைத் தாண்டி, மூடைகளைத் தாண்டி, கடைவாசலுக்கு வந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இருந்ததாக ஞாபகமில்லை, அதனால் திரும்பிப் பார்த்தான்.

சுகப்பிரியா அம்மாவின் தோளுக்கு மேலாக எம்பிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மடக்கினாள், விரித்தாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். டாட்டா காட்ட யாரும் பழக்கவில்லை. வா, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை சங்கரலிங்கம் கும்பிடவில்லை. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு மூடை மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஹரி காரில் ஏறினான்.

அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல், கருவேலங்காடு, தண்ணீரில்லாத கண்மாய். கண்ணை மறைத்தது அவனுக்கு. யோசிக்காமல் இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தான். மறு நிமிஷமே நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, தாரை தாரையாக வழிந்தது.

"என்னண்ணே, வத்தக் கையோட கண்ணக் கசக்கலாமா?" அசோக் வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். "கழுவுங்க. இல்லாட்டி காரியாபட்டி தாண்டுற வரைக்கும் எரியும்."

ஹரி பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். திறக்கவில்லை.

"எரியட்டும்லே" என்றான். "நீ வண்டிய எடு."